கழுவ வேண்டாத பனி

முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து கோட்டின் மேல் நிற்காது, சரிவில் இறங்குவதுபோலக் கீழே கீழே போய்விடும். சின்ன ‘ர’ போடுவதா பெரிய ‘ற’ போடுவதா என்ற சந்தேகம் இந்த வயதிலும் தீரவில்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். பிழைகள் இருக்கும், திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். பல மாதங்களாக எழுத நினைத்து, கூச்சத்தில் தள்ளித் தள்ளிப் போட்ட விஷயம் இது.

இது நடந்தது போன வருடம் மார்கழியில். கொடைக்கானலுக்கும் மேலே, மன்னவனூர் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. பூண்டு, உருளைக்கிழங்கு, பட்டாணி போடுகிறோம். நானும் என் மனைவியும்தான் தோட்டத்தில் பாடுபடுகிறோம். மகளைக் கீழே திண்டுக்கல் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டோம்.

எங்கள் ஊரில் மார்கழி, தை இரண்டு மாதமும் உறைபனி விழும். டவுனில் இருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துக் கைதட்டுவார்கள், செல்போனில் படம் பிடிப்பார்கள். எங்களுக்கு அது பயிருக்கு எமன். உருளைச் செடியின் மேலும் பட்டாணிக் கொடியின் மேலும் உப்பைத் தூவினது மாதிரி வெள்ளையாக உட்கார்ந்திருக்கும். அப்படியே விட்டு வெயில் பட்டால், மத்தியானத்துக்குள் இலையெல்லாம் வெந்நீர் ஊற்றியதுபோலக் கருகிவிடும். அதனால் பொழுது விடிவதற்கு முன்னால் எழுந்து, ஓடையில் இருந்து வரும் பைப்பைப் பிடித்து, இலை இலையாகத் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவி விட வேண்டும். அந்தத் தண்ணீர் கையில் பட்டால் விரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. கல்யாணமாகி வந்த நாளில் இருந்து இந்த வேலையை என் மனைவி ஒரு குளிர்காலம்கூட விட்டதில்லை.

அவளுடைய அம்மா எங்களோடுதான் இருந்தார். பல வருடம் படுத்த படுக்கை. அதனால் அவள் எங்கேயும் போனதில்லை. பழனிக்குப் போனால்கூட அன்று சாயங்காலமே திரும்பிவிடுவாள். போன வருடத்துக்கு முந்தின வருடம் அம்மா போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு ஒரு நாள், பைப்பைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் நிற்கும்போது, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“ஏங்க, டிவில காட்டுறாங்கள்ல, வடக்க மலையெல்லாம் வெள்ளையாக் கெடக்கே. அத யாரும் கழுவ மாட்டாங்கள்ல? அது பாட்டுக்குக் கெடக்கும்ல? அத ஒரு தடவ பாக்கணும்.”

இது வேண்டும் என்று அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. சேலைகூடக் கேட்டு வாங்கியதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போய், அங்கே வெறும் தரை கிடந்தால், அவள் கோபப்பட மாட்டாள், “பரவால்லங்க” என்பாள். ஆனால் அதற்குப் பிறகு எதையும் கேட்கவே மாட்டாள். அவளை எனக்குத் தெரியும்.

என் மச்சினன், அதாவது அவளுடைய தம்பி, கொடைக்கானலில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறான். விஷயத்தைச் சொன்னதும் அவனுக்கு எங்களைவிட உற்சாகம். தை பிறந்ததும் ஒரு வாரம் எங்கள் தோட்டத்தைத் தானே வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். அந்த ஒரு வாரத்தை விட்டால் பிறகு பூண்டு வேலை பிடித்துக்கொள்ளும், அந்த வருடம் போக முடியாது.

“சும்மா பனி ஊருன்னு போனா ஏமாந்துருவோம் மச்சான். சறுக்குற ஊருக்குப் போவணும். அங்கதான் நிச்சயமாக் கெடக்கும்” என்றான்.

“சறுக்குறதுன்னா?” என்று என் மனைவி கேட்டாள்.

“காலுல நீளமா ரெண்டு பலகையக் கட்டிக்கிட்டு மேல இருந்து சர்ருனு வருவாங்கக்கா.”

“வந்தவன் திரும்ப மேல எப்படிப் போவான்?”

“கம்பில பெட்டி தொங்கும். அதுல ஏறிப் போவான்.”

“திரும்பவும் சறுக்குவானா? அவனுக்கு வேற சோலி இல்லையாலே?”

அவன் செல்போனில் இரண்டு ஊர்களைக் காட்டினான். ஒன்று இமாச்சலத்தில் இருக்கிறது, இன்னொன்று காஷ்மீரில். அந்தப் பெயர்களை எழுதிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வந்தது. அதனால் இமாச்சல் ஊர், காஷ்மீர் ஊர் என்றே எழுதுகிறேன். இமாச்சல் ஊர் போய்வரச் சுலபம். காஷ்மீர் ஊர் இன்னும் தள்ளி, கூடுதல் அலைச்சல். இரண்டிலும் பனி ஒரே மாதிரி இருந்தால் இமாச்சல் போதும். எதில் பனி அதிகம் என்பதுதான் கேள்வி.

எனக்கு இந்த ஒப்பிடுகிற வேலை பிடித்துப்போனது. அந்த நாட்களில் சாயங்காலம் மச்சினன் வந்ததும், டவர் கிடைக்கிற ரோட்டு வளைவில் அவனோடு உட்கார்ந்துவிடுவேன். அந்த ஊர்களில் பனி முழங்கால் வரை இருக்குமா, இடுப்பு வரை இருக்குமா, ராத்திரி விழுமா, பகலிலும் விழுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். செல்போனில் வருகிற படங்கள் எந்த வருடம் எடுத்தவை என்று யாருக்கும் தெரியவில்லை. வானிலை பார்க்கும் பகுதியைத் தமிழில் வைத்திருந்தோம். இமாச்சல் ஊருக்கு ‘பனி’ என்று வந்தது. காஷ்மீர் ஊருக்கும் ‘பனி’ என்று வந்தது. எங்கள் கொடைக்கானலைப் போட்டுப் பார்த்தோம், அதற்கும் ‘பனி’ என்றே வந்தது.

“அப்ப இங்கனயே இருந்துக்கிருவமே” என்று என் மனைவி சிரித்தாள்.

கடைசியில் மச்சினன் ஒரு வழி கண்டுபிடித்தான். அவன் வண்டியில் வந்த ஒரு குடும்பம் அந்த இமாச்சல் ஊருக்குப் போய் வந்தவர்கள். அங்கே ஒரு ஓட்டலில் தமிழ்ச் சாப்பாடு போடுகிறார்களாம். சமையல்காரர் நம் பக்கத்து ஆள், பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடி. அவருடைய நம்பரையும் கொடுத்திருந்தார்கள். மச்சினன் செல்போனில் சார்ஜ் இல்லாததால் என் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டான்.

“அண்ணே, அங்க பனி எப்படி இருக்கு? நல்லா விழுதா?”

“ஏன் கேக்குறீங்க? கொட்டுதுங்க! பக்கத்துல நிக்கிற ஆளு யாருன்னு தெரியல. காலைல வெளிய போயிட்டு வந்தா தலையெல்லாம் நனைஞ்சு போகுது. நான் வந்து இத்தன வருசத்துல இப்படிப் பாத்ததில்ல.”

எங்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆளை மறைக்கிற அளவுக்குக் கொட்டுகிறது என்றால் சும்மாவா? காஷ்மீரை விட்டுவிட்டு இமாச்சல் என்று முடிவு செய்தோம். அந்த ஓட்டலிலேயே ரூம் போட்டுவிடலாம், நம் சாப்பாடும் கிடைக்கும். அக்காவும் மச்சானும் அங்கேதான் வருவார்கள் என்று மச்சினன் போனிலேயே அவரிடம் சொல்லிவிட்டான். மறுநாள் காலை மச்சினன் கொடைக்கானலுக்குப் போனதும், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டிக்கெட் போடும் கடையில் ரயிலுக்கும் ரூமுக்கும் சேர்த்துப் போட்டுவிடுவதாக ஏற்பாடு.

அந்த மறுநாள் காலையில் மச்சினன் ஜீப்பை எடுத்துக்கொண்டு வெள்ளனே கிளம்பிவிட்டான். நாங்கள் இருவரும் வழக்கம்போல் தோட்டத்துக்குப் போனோம். அன்று உறைபனி இல்லை. மூட்டம் இறங்கியிருந்தது. மூட்டம் இருக்கிற நாளில் உறைபனி பிடிக்காது, எங்களுக்கு அது லீவு கிடைத்த மாதிரி. இருந்தாலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்று ஆளுக்கு ஒரு பக்கம் நடந்தோம். கொஞ்ச நேரத்தில் என் மனைவியின் குரல் கேட்டது.

“ஏங்க, எங்கன இருக்கீக? பக்கத்துல நின்னாக்கூட ஆளு தெரியலயே.”

எனக்குச் சட்டென்று காலை யாரோ பிடித்து நிறுத்தியதுபோல் இருந்தது. பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியவில்லை என்று நேற்றும் ஒருவர் சொன்னாரே? தலையைத் தடவிப் பார்த்தேன். நனைந்திருந்தது.

மேல்மலைக்காரர்களான நாங்கள் பனி என்றால் இலையில் உறைந்து கிடக்கிற வெள்ளையைத்தான் சொல்லுவோம். இது எங்களுக்கு மூட்டம். ஆனால் கீழே ஆயக்குடியில் என்ன சொல்லுவார்கள்? அங்கே உறைபனி ஏது? விடியற்காலையில் கொய்யாத் தோப்பில் புகை மாதிரி இறங்கி இலையை நனைக்குமே, அதுதானே அவர்களுக்குப் பனி?

மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. ரோட்டு வளைவில்தான் எங்களுக்கு டவர் கிடைக்கும். அங்கே ஓடினேன். மச்சினனைக் கூப்பிட்டால் கிடைக்கவில்லை, மலைப்பாதையில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தான். ஆயக்குடிக்காரர் நம்பர் என் போனில் இருந்தது. ஆனால் கூப்பிட வேண்டியது நான்.

சொன்னால் சிரிப்பீர்கள். தெரியாத ஆளிடம் பேச வேண்டுமென்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். தோட்டத்துக்கு வருகிற வியாபாரியிடம் விலை பேசுவதுகூட என் மனைவிதான். அந்த வளைவில் நின்று நம்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த நேரம் என் மச்சினன் டிக்கெட் கடைக்கு நெருங்கிக்கொண்டிருப்பான் என்ற நினைப்புதான் கடைசியில் விரலை அழுத்த வைத்தது.

போனை எடுத்தவர் பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

“தம்பி… நேத்துப் பேசுனமே… கொடைக்கானல்…”

“சொல்லுங்கண்ணே! ரூம் போட்டுட்டீகளா?”

“இல்ல. ஒண்ணு கேக்கணும். நீங்க சொன்ன அந்தப் பனி… அதுல கால வெச்சா நொறுநொறுன்னு சத்தம் வருமா?”

“பனில எப்படிண்ணே சத்தம் வரும்?”

“கையில அள்ள முடியுமா?”

“அள்ளுறதா?” அவர் சிரித்துவிட்டார். “அது காத்துல போறதுண்ணே. புகைய அள்ளுனாப்புல…” பாதியில் நிறுத்தினார். பாத்திரச் சத்தமும் நின்றது. “அண்ணே, நீங்க ஸ்னோவையா கேட்டீக?”

“ஸ்னோன்னா?”

“வெள்ளையா, இலவம் பஞ்சு கணக்கா மேல இருந்து விழுமே. தரையில மெத்த மாதிரிக் கெடக்குமே.”

“அதான் தம்பி. அதத்தான் கேக்குறோம்.”

“அய்யய்யோ! அது இந்த வருசம் இன்னும் விழவே இல்லண்ணே. உங்க மச்சினன் பனி விழுதான்னாரு. எங்க ஊருல மார்கழில கொய்யாத் தோப்புல இறங்குமே, அது இங்க கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. எங்க ஊரு நெனப்புலயே சொல்லிட்டேன். சறுக்குற எடத்துலயெல்லாம் இப்ப மாடு மேயுதுண்ணே.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எங்க முதலாளி பக்கத்துலதான் நிக்கிறாரு. ரூம் கேக்குறாங்களாங்குறாரு. அவருக்குத் தமிழ் தெரியாது, பேசலாம். இங்க வராதீக அண்ணே. அக்காவ இம்புட்டுத் தூரம் கூட்டியாந்து மாட்டக் காட்டிட்டா போவீக? உண்மையச் சொல்லணும்னா, நீங்க வந்தா ரெண்டு நாளு தமிழ்ல வாய் நெறையப் பேசலாம்னு நேத்துல இருந்து ஆசையா இருந்தேன். பரவால்ல. காஷ்மீர்ல சறுக்குற ஊர்ல நம்ம ஆளு ஒருத்தன் தோசை மாஸ்டரா இருக்கான். அவன் நம்பரக் குடுக்குறேன். அவன்கிட்ட கேளுங்க. பனின்னு கேக்காதீக. ஸ்னோன்னு கேளுங்க.”

போனை வைத்தபிறகுதான் நான் நன்றி சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

மச்சினன் இன்னும் கிடைக்கவில்லை. காரட் ஏற்றிய லாரி ஒன்று வளைவில் திரும்பியது. நான் நடுரோட்டில் நின்று கையைக் காட்டினேன். டிரைவர் தலையை வெளியே நீட்டி, “என்ன மாமா, சாகணும்னா வேற வண்டியப் பாரு” என்று திட்டிவிட்டு ஏற்றிக்கொண்டார்.

கொடைக்கானலில் இறங்கி, அப்போதுதான் திறந்திருந்த அந்தக் கடைக்குள் நுழையும்போது, என் மச்சினன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எங்கள் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தான். கடையில் இருந்த பெண் தட்டிக்கொண்டிருந்தாள்.

“நிப்பாட்டு மாப்ள!”

“என்ன மச்சான், தோட்டத்துச் சேத்துச் செருப்போட ஓடியாந்துருக்கீக? அக்காவுக்கு எதும்…?”

“அக்கா நல்லாருக்கா. அங்க பனி இல்ல.”

“பனி இல்லையா? கொட்டுதுன்னாரே, நம்ம காதாலதான கேட்டோம்?”

“அது நம்ம பனி இல்ல. ஆயக்குடிப் பனி.”

அவனுக்கு என்னைப் பார்த்தால் புத்தி பிசகிவிட்டதோ என்று தோன்றியிருக்கும். நான் நடந்ததைச் சொன்னேன். கடையில் இருந்த பெண்ணுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு அவளே கம்ப்யூட்டரில் வானிலையைத் தமிழில் இருந்து இங்கிலீஷுக்கு மாற்றிக் காட்டினாள். தமிழில் ‘பனி’ என்று ஒரே மாதிரி இருந்த மூன்று ஊரும் மூன்றாகப் பிரிந்தன. இமாச்சல் ஊருக்கு ஃபாக், அதாவது கனத்த மூட்டம் என்று அவள் படித்துச் சொன்னாள். காஷ்மீர் ஊருக்கு ஸ்னோ. எங்கள் கொடைக்கானலுக்கு மிஸ்ட், அதாவது லேசான மூட்டம். எனக்கு அந்த எழுத்துக்களைப் படிக்கத் தெரியாது. ஆனால் மூன்றும் வேறு வேறு உருவத்தில் இருப்பது தெரிந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இங்கிலீஷ்காரன் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பேர் வெச்சிருக்கான் பாருங்க அங்கிள்” என்றாள் அவள்.

“நாங்களும் வெச்சிருக்கோம்மா. கீழ இருக்கவுகளுக்கும் எங்களுக்கும்தான் மாறிப்போச்சு” என்றேன். ஒரு கடைக்குள் நின்று முன்பின் தெரியாத பெண்ணிடம் நான் அவ்வளவு பேசியது எனக்கே புதிதாக இருந்தது.

டிக்கெட் போடாமல் திரும்பினோம். சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள். நான் பயந்தது அப்போதே நடந்தது.

“வேணாங்க, விடுங்க” என்றாள். “இம்புட்டு அலைச்சலு எதுக்கு? காஷ்மீரு ரொம்பத் தூரம். அங்கயும் போயி வேற எதையாச்சும் பனிம்பாங்க. நான் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன்.”

சும்மா சொன்னதில்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மச்சினன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் எழுந்து, “வா, வளைவு வரைக்கும் போயிட்டு வருவோம்” என்று அவளைக் கூப்பிட்டேன். ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அங்கே நின்று, ஆயக்குடிக்காரர் கொடுத்த நம்பருக்கு நானே போட்டேன். மச்சினனிடம் போனைக் கொடுக்கவில்லை.

தோசை மாஸ்டர் எடுத்தார். ஆயக்குடிக்காரர் முன்பே அவரிடம் சொல்லி வைத்திருந்தார்.

“நீங்கதான் அந்தக் கொடைக்கானல் அண்ணனா? கேளுங்க, கேளுங்க” என்றார். குரலிலேயே சிரிப்பு.

நான் ஸ்னோ என்ற வார்த்தையைச் சொன்னேன். அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த வார்த்தைக்குள்ளும் என்ன இருக்கிறதோ? அதனால் எங்களுக்குத் தெரிந்த மாதிரியே கேட்டேன்.

“தம்பி, அது காலைல வெள்ளையாக் கெடக்குமா?”

“கெடக்கும்ணே.”

“வெயில் வரும்ல? வெயில் பட்டா எம்புட்டு நேரத்துல போகும்?”

“போகாதுண்ணே.”

“இல்ல தம்பி, நல்லா வெயில் அடிச்சா?”

“எம்புட்டு அடிச்சாலும் போகாதுண்ணே. அது மேலயே வெயில் அடிக்கும், கண்ணு கூசும். அது பாட்டுக்குக் கெடக்கும். மறுபடி அது மேலயே விழும். பங்குனி வரைக்கும் தரையவே பாக்க முடியாது.”

என் மனைவி ஸ்பீக்கரின் மேல் குனிந்துகொண்டிருந்தாள். விடிந்து வெயில் ஏறினால் ஒன்று நாங்கள் கழுவியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் செடி போயிருக்கும். எங்கள் வாழ்நாள் முழுவதும் வெள்ளைக்கும் வெயிலுக்கும் இடையில் கொஞ்ச நேரம்தான் இருந்தது. வெயிலைத் தாங்கிக்கொண்டு கிடக்கிற வெள்ளையை எங்களால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

“வீடியோல காட்டவா? இப்ப ஜன்னலத் தொறந்தாப் போதும்” என்றார் அவர்.

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி சட்டென்று போன் திரையைக் கையால் பொத்திவிட்டாள்.

“வேணாம் தம்பி, காட்டாதீக. நான் நேர்லயே வந்து பாத்துக்கிறேன்.”

அப்படித்தான் முடிவானது. தை மாதம் கிளம்பினோம். ரயில், விமானம், வண்டி என்று மாறி மாறிப் போனதை எழுதினால் நீண்டுவிடும். விமானத்தில் என் மனைவி முழு நேரமும் என் கையைப் பிடித்திருந்தாள், நான் சீட்டைப் பிடித்திருந்தேன் என்பது மட்டும் போதும்.

அந்த ஊருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் நல்ல வெயில். வாடகைக்குக் கம்பூட் வாங்கிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தோம். தோசை மாஸ்டர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. கண்ணுக்கு எட்டின வரைக்கும் வெள்ளை. அதன் மேல் வெயில். தூரத்தில் பலகை கட்டிய ஆட்கள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

என் மனைவி ஓடவில்லை, கத்தவில்லை. ஓரத்திலேயே நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“இதுக்கு அடியில என்ன போட்டிருக்காங்க?”

“ஒண்ணும் போடல. புல்லுதான்.”

“நெசமாவா?”

“நெசமா.”

“அப்பச் சரி” என்று சொல்லிவிட்டுத்தான் முதல் அடியை வைத்தாள். கொஞ்சம் உள்ளே போய், ஒரு மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துகொண்டாள். இரண்டு கையையும் பனியின் மேல் விரித்து வைத்துக்கொண்டாள். எடுக்கவில்லை, உருட்டவில்லை, யார் மேலும் எறியவில்லை. கை சும்மா இருந்தது. மார்கழி, தையில் அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

நான் தள்ளி வந்து, இமாச்சல் ஊரில் இருக்கும் ஆயக்குடிக்காரரைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை நம்பரைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

“அண்ணே! அக்கா பாத்துட்டாகளா?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

“பாத்துக்கிட்டே இருக்கா தம்பி. அங்க எப்படி?”

“இங்க இன்னும் மாடுதான்ணே.”

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நாங்கள் பேசினோம். ஆயக்குடியில் இந்த வருடம் கொய்யா என்ன விலை, பூண்டு எப்படி, மழை பெய்ததா, பழனியில் தைப்பூசக் கூட்டம் எப்படி என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன், தெரியாததையும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். பக்கத்தில் அவருடைய முதலாளி ஏதோ கூப்பிடுவது கேட்டது. அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அன்று விட்டுப்போன நன்றியையும் சொல்லிவிட்டேன்.

பேசி முடிக்கும்போது வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் மரத்தடிக்குப் போய், “போவமா?” என்றேன். என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது.

“ஏங்க, இன்னுங் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போவமா?” என்று கேட்டாள்.

அவள் என்னிடம் கேட்ட இரண்டாவது விஷயம் அது. நான் வண்டிக்காரரிடம் போய், எனக்குத் தெரியாத இந்தியில், கையைக் காலை ஆட்டி, அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

ஆயக்குடிக்காரரை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. அவர் ஊர் எங்கள் மலைக்கு அடிவாரம், எங்கள் ஊர் அதே மலையின் உச்சி. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு காலைப் பொழுதைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அது தெரிந்ததும் அவர் தன் ஆசையை விட்டுவிட்டு என் மனைவியின் ஆசையைக் காப்பாற்றினார். ஒருவர் சொல்வது எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது என்று தோன்றுகிற போதெல்லாம் இப்போது நான் இன்னொரு கேள்வி கேட்டுப் பார்க்கிறேன். கூச்சம் போகவில்லைதான், ஆனாலும் கேட்கிறேன்.

எழுதி முடித்தது: கார்த்திகை மாதம் பதினெட்டாம் தேதி.